ஆண்டுக்கு ஒருமுறை காட்டைப் பார்த்தால் போதுமா?

அன்றாடத் தொழுகையில் நம்மில் பெரும்பாலோர் ஓதும் சிறிய அத்தியாயங்களுள் ஒன்று ஸூரத்து குறைஷ். குறைஷியர் குளிர்காலத்தில் ஒரு பயணமும் கோடையில் ஒரு பயணமும் மேற்கொள்ளப் பழகியிருந்ததை அது நினைவூட்டுகிறது. குளிர்காலத்தில் வெப்பமான யமனை நோக்கியும், கோடையில் குளிர்ச்சியான ஷாமை நோக்கியும் அவர்களுடைய வணிகக் கூட்டங்கள் சென்றன என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். எப்பருவத்தில் எத்திசை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவின் பின்னால் உணவும் அச்சமற்ற வாழ்வும் இருந்தன. அவற்றை வழங்கியவனை வணங்குமாறு அவ்வத்தியாயம் முடிகிறது.

நம் குடும்பங்களின் பயணங்கள் எவ்வாறு முடிவாகின்றன? பள்ளிக்கூடம் மே மாதத்தில் மூடப்படுகிறது. ஆகவே பயணம் மே மாதத்தில். உறவினர் அனைவருக்கும் ஒரே நாளில் ஒழிவு கிடைக்கிறது. ஆகவே ஒரே வேனில் இருபது பேர். எல்லோரும் ஊட்டிக்குப் போகிறார்கள். ஆகவே நாமும் ஊட்டிக்கு, போகிற வழியில் முதுமலைக்கு. பருவம் என்ற ஒன்று இக்கணக்கில் எங்கும் வருவதில்லை. தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் குடும்பத்தோடு காணச் செல்வது நல்ல வழக்கம். அது பெருக வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆனால் ஆண்டுக்கு ஒரு பெரும்பயணம் என்ற முறையை மாற்றி, பருவத்துக்கு ஒரு சிறு பயணம் என்ற முறைக்கு நம் வீடுகள் வர வேண்டும். அதற்கான காரணங்களையும், விருத்தாசலத்திலிருந்து அதனைச் செய்யும் வழியையும் இங்கே முன்வைக்கிறோம்.

மே மாதத்துக் காடு

முதலில் மே மாதத்துப் பயணத்தைப் பார்ப்போம். நெரிசல் எந்த அளவுக்கு முற்றிவிட்டது என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்ற ஏற்பாடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே நுழையலாம் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனை எண்ணிக்கையால் அளக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம்.

காட்டின் நிலையோ வேறு. முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். தரையில் சருகும் காய்ந்த உண்ணிச்செடிப் புதரும் நிறைந்திருக்கும். ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் கடும் வறட்சி ஏற்படும் ஆண்டுகளில் காட்டுத்தீயை அஞ்சி வனத்துறை சுற்றுலாவை நிறுத்தி வைக்கிறது. அப்பருவத்தில் யானைகள் மோயாற்றின் நீரை நாடித் திரள்கின்றன. நீர்நிலை ஓரத்தில் விலங்குகள் எளிதாகக் கண்ணில் படும் என்பதும் உண்மையே. ஆனால் அவை அங்கு நிற்பது தாகத்தால். தாகத்தோடு நிற்கும் உயிர்களுக்கு முன் நூற்றுக்கணக்கான வாகனங்கள் வரிசையாக நின்று ஒலியெழுப்புவது, இரக்கத்தைப் போதிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு அழகாகுமா? தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியதற்காகப் பாவமன்னிப்புப் பெற்றவரின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பாடத்துக்கும் இந்தக் காட்சிக்கும் இடையே இணக்கம் வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இருபது பேர் செல்லும் பயணம் என்றால், நம் வீட்டுப் பெண்கள் நள்ளிரவுக்குப் பின் எழுந்து தேக்சாவில் பிரியாணி சமைக்க வேண்டும். போன இடத்தில் பரிமாற வேண்டும். பிள்ளைகளின் கைகழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்க வேண்டும். ஆண்கள் அருவியைப் பார்த்து வருகிறார்கள். பெண்கள் அடுப்படியை இடம் மாற்றி வருகிறார்கள். வயது முதிர்ந்த உம்மாவோ நன்னியோ, நீண்ட பயணத்தைத் தாங்க முடியாதவர் என்று வீட்டிலேயே விடப்படுகிறார். குடும்பப் பயணம் என்ற பெயருக்கு இது பொருந்தவில்லை.

இரண்டு நாட்காட்டிகள்

"எங்களுக்குப் பெருநாள் விடுமுறைதான் வசதி, அப்போதே போய்வருகிறோம்" என்று சொல்வோர் பலர். பெருநாளுக்கு அடுத்த நாள் உறவுகளோடு வெளியே செல்வது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நம் பெருநாள் எந்தப் பருவத்துக்கும் உரியதன்று என்பதை நாம் மறக்கிறோம். பிறைக் கணக்கு ஆண்டு ஏறத்தாழ 354 நாட்கள் கொண்டது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே நோன்பும் பெருநாளும் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. இவ்வாண்டு பிறந்த குழந்தை முப்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளுக்குள், வெயில், மழை, பனி என ஒவ்வொரு பருவத்திலும் நோன்பு நோற்றவராக ஆகிவிடும். இது பெரிய நிஃமத்.

ஆனால் மரமும் பறவையும் சூரியக் கணக்கில் வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வருகிறது. அதையொட்டிப் பறவைகள் வருகின்றன. வணக்கத்துக்குப் பிறை, பயிருக்கும் பயணத்துக்கும் பருவம் என்று இரண்டையும் கையில் வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். நாமும் இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே விரித்து வைத்தே திட்டமிட வேண்டும்.

அவ்வாறு விரித்துப் பார்த்தால் பயனுள்ள செய்திகள் கிடைக்கின்றன. 2026-இல் ரமளான் பிப்ரவரியின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஆண்டுதோறும் நகர்ந்து 2030-இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் என இருமுறை வரும். அதாவது, வலசைப் பறவைகளைக் காண ஏற்ற மாதங்களும் நோன்பு மாதமும் நெருங்கி வருகின்றன. ஆகவே பறவைகளைக் காணும் பயணத்தை நோன்புக்கு முன்னதாக, அரையாண்டு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ வைத்துக்கொள்வது நலம். ஹஜ்ஜுப் பெருநாளோ 2026 முதல் 2028 வரை மே மாதத்தில், அதாவது நெரிசல் உச்சத்தில் இருக்கும் கோடை விடுமுறைக்குள் வருகிறது. அந்நாட்களில் மலைக்குப் போவதைவிட உறவினர் வீடுகளுக்குப் போவதே பொருத்தம். 2030-களின் நடுவில் நோன்புப் பெருநாள் அடைமழைக் காலத்தில் வரும். அப்போது திட்டம் மீண்டும் மாறும். கணக்கு எளிது, யாராவது ஒருவர் உட்கார்ந்து போட வேண்டும்.

எங்கே, எப்போது?

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன: கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி, மன்னார் வளைகுடா. இவற்றுள் ஒன்றும் கடலூர் மாவட்டத்தில் இல்லை. ஆனால் நம் ஊர் ரயில் சந்திப்பு. சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைகளிலும் தண்டவாளம் செல்கிறது. பெரிய நகரங்களுக்கே கிட்டாத இந்த வசதி இருக்கையில் வேனை மட்டுமே நம்புவது ஏன்?

மார்கழியும் தையும் கோடியக்கரைக்கு உரியவை. இது தேசியப் பூங்கா அன்று. 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் சேர்ந்த ஈரநிலம் இதுவே. சிதம்பரம், நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகச் செல்லும் பாதையில் நம்மில் பலருக்கு உறவினர் வீடுகள் உண்டு. ஓர் இரவு அங்கே தங்கி, ஃபஜ்ரு தொழுத கையோடு புறப்பட்டால், உப்பளங்களை ஒட்டிய சதுப்பில் பூநாரைகள் மேய்வதையும், புல்வெளியில் வெளிமான்கள் துள்ளுவதையும் வெயில் ஏறும்முன் காணலாம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் இக்காட்டு மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த காடு எவ்வாறு தன்னைத் தானே சீர்செய்துகொள்கிறது என்பதை ஆண்டுதோறும் சென்று காணும் பிள்ளை மட்டுமே அறியும்.

மாசி முதல் சித்திரை வரை கிண்டி. விருத்தாசலத்திலிருந்து ரயிலில் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; தாம்பரத்தில் இறங்கி மின்ரயில் பிடித்தால் கிண்டி. பெருநகரின் நடுவே 270 எக்டேர் பரப்பில் இருக்கும் இக்காடு 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1821-இல் அரசு இதனைத் தனியாரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியபோது பரப்பு 505 எக்டேர். கல்வி நிறுவனத்துக்கும் நினைவிடங்களுக்கும் எனப் பகுதி பகுதியாகக் கொடுத்ததில் இவ்வளவாகக் குறைந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்த இதில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. சிறுவர் பூங்காவுக்கு எவரும் செல்லலாம். காட்டின் உட்பகுதிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அருகிலேயே பாம்புப் பண்ணை உள்ளது. மருத்துவத்துக்கோ திருமணத்துக்கோ சென்னை செல்லும் குடும்பங்கள் அரைநாளை இதற்கு ஒதுக்கினால் தனிச் செலவே இல்லை. இவ்வகைக் காடு வறட்சியிலும் முழுதாக மொட்டையாவதில்லை; ஆகவே முதுமலை காய்ந்து கிடக்கும் பங்குனியில் இங்கே காலையில் நிழல் கிடைக்கும்.

புரட்டாசியில், காலாண்டு விடுமுறையில், முதுமலை. 1940-இல் சரணாலயமாகத் தொடங்கி, 2007-இல் புலிகள் காப்பகமாக உயர்ந்த இடம் இது. உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழை நனைத்துச் சென்றபின் காடு பச்சைப் பிடித்து நிற்கும். ஓடைகளில் நீர் இருக்கும். மே மாதத்து நெரிசல் இராது. புல் உயர்ந்திருப்பதால் விலங்குகள் கண்ணில் படுவது குறையும். அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். யானை தெரியாவிட்டால் ஏமாற்றம் என்று எண்ணும் மனம், காட்டைப் பொருட்காட்சியாகப் பார்க்கும் மனம். காட்டுக்குள் நடக்கவோ சொந்த வாகனத்தை உள்ளே நிறுத்தவோ அனுமதி இல்லை. வனத்துறையின் வாகனத்தில்தான் செல்ல வேண்டும். தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளுக்கு உணவூட்டும் நேரம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். 2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படம் இம்முகாமின் யானைக் குட்டிகளையும் அவற்றை வளர்த்த பழங்குடித் தம்பதியையும் பற்றியது. சேலம் வழியாக ரயிலில் மேட்டுப்பாளையம் அல்லது கோவை வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏறலாம். மூன்று நாள் பயணம் இது, ஆண்டுதோறும் தேவையில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும்.

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா கீழக்கரை, மண்டபம் பக்கம் உறவு உள்ளவர்களுக்கு உகந்தது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் என்பது ஏட்டுக் கணக்கு. அவற்றுள் இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றிக் கால்வைக்க இயலாது. அனுமதி இல்லை என்றால் திரும்பிவிடுவதும் பயணத்தின் ஒழுக்கமே. முக்கூர்த்தியும் அத்தகையதே, வரையாடுகளுக்காக ஒதுக்கப்பட்ட அவ்வுயர்நிலத்தைத் தொலைவிலிருந்து மதிப்பதே நம் கடமை.

எல்லாப் பருவத்துக்கும் ஓர் இடம்

மேலே சொன்னவை எல்லாம் வசதிக்கேற்ப. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டு முழுவதும் சென்று பழகிய ஓர் இடம் வேண்டும். விருத்தாசலத்துக்கு அது பிச்சாவரம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தேசியப் பூங்கா என்ற பட்டம் இல்லாவிட்டாலும் எந்தப் பூங்காவுக்கும் குறைந்ததன்று.

இங்கே பருவம் நீரின் சுவையிலேயே தெரியும். மழைக்காலத்தில் ஆற்று நீர் பெருகி உவர்ப்பு தணிகிறது. கோடையில் உவர்ப்பு ஏறுகிறது. சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். கண்டல் மரத்தின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டுப் பின் சேற்றில் விழுவதை மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால் காணலாம். கார்த்திகை முதல் தை வரை பறவைகள். மே மாதத்திலும் காலைப் படகில் சென்றால் கால்வாயின் மேல் மரங்கள் கவிந்து நிழல் தரும். இயந்திரப் படகைவிடத் துடுப்புப் படகு நல்லது. குறுகிய கால்வாய்க்குள் அதுவே நுழையும், பறவைகளும் மிரளா. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் நம் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

இக்காட்டின் வரலாறும் சொல்லத்தக்கது. ஆங்கிலேயர் காலம் தொட்டு, காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடங்களில் மண் வற்றித் தாழ்ந்து, அலைநீர் உள்ளே தேங்கி, உவர்ப்பு மிகுந்து, புதிய கன்றுகள் பிழைக்கவில்லை. பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி அலைநீர் வந்து போக வழிசெய்தனர், கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காடு காப்பாற்றப்பட்டது; காடு காப்பாற்றியது.

படகிலிருந்து இறங்கி, பரங்கிப்பேட்டைக்குச் சென்று லுஹர் தொழலாம். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த அத்துறைமுக ஊரின் பள்ளிவாசல்களும், அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் ஒரே ஊரில் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அஸருக்குள் வீடு திரும்பிவிடலாம்.

எழக்கூடிய மறுப்புகள்

"இது வசதி படைத்தோர் பேச்சு; நாள்கூலி வாங்குவோருக்கு ஏது பருவம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டுக்கு ஒரு பெரும்பயணத்துக்குக் கடன் வாங்கும் வீடுகள்தான் அதிகம் சுமக்கின்றன. வேன் வாடகை, அறை வாடகை, நெரிசல் காலத்து விலையேற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. பிச்சாவரத்துக்குப் பேருந்தில் சென்றுவர ஆகும் செலவு அதில் சிறு பகுதியே. நம் ஊர்த் தொழிலும் பருவத்தைச் சார்ந்ததுதான். பீங்கான் பட்டறையில் அடைமழை நாட்களில் மண்பொருள் உலரத் தாமதமாகும். ஈரம் வற்றாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று இங்கே சிறுவரும் அறிவர். வேலை தணியும் அத்தகைய நாட்களின் இடையில், வானம் தெளியும் ஒரு காலையைப் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அவ்வேளையில்தான் காடும் முழுமையாக விழித்திருக்கிறது.

"பெண்களுக்கு அத்தகைய இடங்கள் ஏற்றவை அல்ல" என்பது மற்றொரு மறுப்பு. நெரிசலும் கூச்சலும் மிகுந்த நாளில் அது உண்மை. அதற்கான விடை பெண்களை வீட்டில் விடுவது அன்று. நெரிசல் இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது. வார நாளின் காலையில், பருவம் அறிந்து சென்றால் கண்ணியத்தோடு அமர இடம் இருக்கும். தொழ இடம் இருக்கும். முதியவர் மெல்ல நடக்க நேரம் இருக்கும். சமையலைக் குறைத்து, ரொட்டியும் பழமும் தண்ணீரும் மட்டும் கொண்டு செல்லலாம். அல்லது வழியில் அறிந்த உணவகத்தில் சாப்பிடலாம். ஒரு வேளை பிரியாணி இல்லாததால் எவருக்கும் குறைவு வராது.

தொழுகை குறித்தும் ஒரு சொல். பிச்சாவரம், பெரும்பாலான அறிஞர்கள் குறிப்பிடும் பயணத் தூரத்தை எட்டாது. ஆகவே அங்கு முழுத் தொழுகையே. கோடியக்கரை, முதுமலை போன்ற தொலைவான இடங்களில் கஸ்ர் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் இரு தொழுகைகளைச் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்திலேயே சுருக்கித் தொழுவர். பூங்காவின் வாகன நேரத்தை முன்பே கேட்டறிந்து, வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் ஜும்ஆவுக்கும் பயணத்துக்கும் மோதல் வராது.

காவல் நிலமும் ஏழையின் ஆடும்

பாதுகாக்கப்பட்ட நிலம் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை ஹிமா, அதாவது காவல் நிலமாக ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதாவை அவ்வாறு ஒதுக்கினார்கள். தம் காவலரிடம் உமர் (ரலி) கூறிய அறிவுரை புகாரியில் உள்ளது. சிறிதளவே கால்நடை வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளை அனுமதிக்க வேண்டாம் என்றும் அவர்கள் கூறினார்கள். செல்வருக்கு வேறு வழி உண்டு. ஏழைக்கு இல்லை என்பதே அதன் கருத்து.

இக்காலக் காவல் நிலங்களுக்குச் செல்லும் நாம் இந்த நீதியைக் கைவிடலாகாது. பிச்சாவரத்தின் சேற்றில் கையால் துழாவி மீனும் இறாலும் பிடித்து வாழும் இருளர் குடும்பங்கள் உள்ளன. முதுமலையில் யானைகளைப் பராமரிப்போர் பழங்குடியினர். நாம் அங்கே பொழுதுபோக்கச் செல்பவர்கள். அவர்களுக்கு அது வாழ்வாதாரம். படகோட்டியின் கூலியில் பேரம் பேசாதிருப்பது, அவர்களுடைய வலையையும் கரையையும் மிதிக்காதிருப்பது, நெகிழிப் பையையும் புட்டியையும் நம்மோடு திரும்பக் கொண்டுவருவது, வேனில் பாட்டை அலறவிடாதிருப்பது ஆகியவை அனைத்தும் விருந்தினருக்குரிய அதபு. குர்ஆன் விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்றே குறிப்பிடுகிறது. ஒரு சமுதாயத்தின் வீட்டுக்குள் நுழைபவர், வீட்டார் ஓய்வாக இருக்கும் வேளையைக் கேட்டறிந்தே செல்வார்.

இதில் நாம் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முந்திரி எப்போது பூக்கிறது, மணிமுத்தாற்றில் எப்போது நீர் வருகிறது, பூநாரை எந்த மாதத்தில் இறங்குகிறது என்று சொல்லத் தெரிந்த தலைமுறை நம் கண்முன்னே மறைகிறது. பருவம் மாறிவருவதாக எல்லோரும் பேசுகிறார்கள்; பருவத்தையே அறியாத பிள்ளைக்கு அதன் மாற்றம் எவ்வாறு புலப்படும்? ஒரே இடத்துக்கு நான்கு பருவத்திலும், பல ஆண்டுகள் சென்று வந்த பிள்ளைதான் 'சென்ற ஆண்டைவிடத் தண்ணீர் குறைந்திருக்கிறது' என்று சொல்லும். அக்கேள்வியிலிருந்துதான் அக்கறை பிறக்கிறது. ஊட்டியில் ஒரு நாள் எடுத்த நூறு படங்களிலிருந்து அது பிறப்பதில்லை.

ஆகவே இவ்வாரத்தில் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை இறக்கி வையுங்கள். ரமளானையும் இரு பெருநாட்களையும் முதலில் குறியுங்கள். அடுத்துப் பள்ளி விடுமுறைகளை. அதற்கடுத்து மழையின் மாதங்களை. மிஞ்சும் நாட்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலேயே மூத்தவரிடம் எந்த நாள் அவருக்கு இயலும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாளே முதல் பயணத்துக்கு உரிய நாள், இன்ஷா அல்லாஹ்.